இரவுக்கணக்கில் விற்கிறார்கள், படகுக்கணக்கில் வாங்குங்கள்: கினபத்தாங்கான் மழைக்காட்டு விடுதி அனுபவம்

போர்னியோ தீவின் வடக்கே, மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினபத்தாங்கான் ஆற்றங்கரையில் தங்கி விலங்குகளைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று திட்டம் போடுபவர்களுக்காக, அதிலும் தனியாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகப் போய்வந்ததில் எனக்குக் கூடுதலாகச் செலவானது சுமார் 1,500 ரிங்கிட். ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் முப்பதாயிரம் ரூபாய். பணத்தைவிட வலித்தது, பார்க்க வேண்டிய நேரத்தில் பாதி அறைக்குள் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே கழிந்ததுதான். காட்டின் மேல் எந்தக் குறையும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒருவர் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கினபத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. மலேசியாவில் சரவாக்கின் ரஜாங்குக்கு அடுத்தபடி நீளமானது. அதன் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேர் காட்டை 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரே பரப்பாக இல்லை, பத்துத் துண்டுகள். துண்டுகளுக்கு நடுவேயும் பின்னாலேயும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். இங்கே விலங்குகள் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்: அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை, ஆற்றோரம் மிஞ்சியிருக்கும் காட்டுப்பட்டையில் நெருங்கி வாழ்கின்றன. விளம்பரங்களில் இந்த வரி இருக்காது. தெரிந்துகொண்டு போனால், படகில் உட்கார்ந்து ஓராங் உத்தானைப் பார்க்கும்போது அதன் பின்னால் இரண்டு மர வரிசை தள்ளித் தெரியும் செம்பனை ஓலைகள் அதிர்ச்சி தராது. தொந்தரவுபடாத முதுகாடு வேண்டுமென்றால் லஹாட் டாத்துவிலிருந்து உள்ளே போகும் டானும் பள்ளத்தாக்குதான், 100.8 மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மெராந்தி மரம் அங்கேதான் நிற்கிறது. ஆனால் அங்கே நாள் முழுக்க நடந்தும் இலைகளை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். முதல்முறை போகிறவர்களுக்கு ஆறுதான் சரி என்பது என் கருத்து.

இனி கணக்கு. எல்லா விடுதியும் ‘3 நாள் 2 இரவு’ என்றுதான் விற்கிறது. நீங்கள் உண்மையில் வாங்குவது காலையிலும் மாலையிலும் ஆற்றில் கிடைக்கும் சில மணி நேரங்களை. நீளமூக்குக் குரங்குகள் பகலில் காட்டின் உள்ளே மேய்ந்துவிட்டு, சாயங்காலம் ஆற்றோர மரங்களுக்கு வந்து இரவு தங்கும். தண்ணீர்ப் பக்கம் தூங்கினால் படைச்சிறுத்தை போன்றவை அணுகும் வழி குறைவு. விடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே போய்விடும். எனவே மாலை நான்கிலிருந்து ஆறு, காலை ஆறிலிருந்து எட்டு, இவ்வளவுதான் பார்க்கும் நேரம். சபாவின் கிழக்குக் கரையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதித்து, ஆறு மணியை ஒட்டி மறைகிறது. கோலாலம்பூரும் இதே கடிகாரம்தான், ஆனால் அங்கே விடியவே ஏழு தாண்டும். அந்தப் பழக்கத்தில் ‘ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும்’ என்று நினைத்துவிடாதீர்கள்.

வழக்கமான இரண்டு இரவுப் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்: முதல் நாள் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வந்துசேர்ந்து மாலைப் படகு; சாப்பாட்டுக்குப் பிறகு இரவு நடை அல்லது இரவுப் படகு; மறுநாள் விடியற்காலைப் படகு, பத்து மணிவாக்கில் குதிரைக்குளம்பு ஏரிவரை (ஆறு வழி மாறியபோது தனித்து நின்றுவிட்ட பழைய வளைவு) ஒரு நடை, மாலைப் படகு; மூன்றாம் நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். மூன்றாம் நாள் விடியற்காலைப் படகு உண்டா என்பதில்தான் விடுதிக்கு விடுதி மாறுகிறது. சில இடங்களில் வண்டி ஏழரைக்கே புறப்படும், படகு கிடையாது. அது இருந்தால் மொத்தம் ஆறு வெளிச்செல்கை. பேக்கேஜுக்கு நான் கட்டியது 1,500 ரிங்கிட். ஆறு என்றால் ஒன்றுக்கு 250. எனக்குக் கடைசியில் ஒழுங்காகக் கிடைத்தவை மூன்று. அதாவது ஒன்றுக்கு 500. விலையை ஒப்பிடும்போது இரவை விடுங்கள், இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு இரவுப் பேக்கேஜ் மலிவு போலத் தெரியும், ஆனால் அதில் ஒரு மாலை, ஒரு காலை, முடிந்தது. ஒரு மழை வந்தால் பாதிப் பணம் ஆற்றோடு போய்விடும். மழைக்காலத்தில் போவதானால் மூன்று இரவுக்குக் குறைத்துப் போகாதீர்கள்.

மழைக்காலம் என்றால் எப்போது? நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் சபாவின் கிழக்குக் கரைக்கும் மழை கொண்டுபோகிறது. அங்கே அது டிசம்பரிலும் ஜனவரியிலும் உச்சம், பிப்ரவரிவரை இழுக்கும். பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துக்கொண்டு கிளம்புபவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் போய் மாட்டுவார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் போனேன். விடுதி இடைத்தரகரிடம் ‘ஜனவரி எப்படி’ என்று கேட்டதற்கு ‘மழைக்காடு என்றால் எப்போதும் மழைதான்’ என்று பதில் வந்தது. பொய்யில்லை, ஆனால் பயனில்லாத பதில். ஏப்ரல், மே கோடை விடுமுறை இதற்கு நல்ல நேரம்; பொதுவாக மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை மழை குறைவு. ‘எப்படி இருக்கும்’ என்று கேட்காமல், ‘போன ஜனவரியில் ஏரி நடைபாதை எத்தனை நாள் தண்ணீருக்குள் இருந்தது, படகு எத்தனை நாள் ரத்தானது’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் மழுப்ப முடியாது.

வெள்ளத்தில் எல்லாமே கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆறு சில மீட்டர் ஏறினாலும் நீளமூக்குக் குரங்குகள் மரத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். தண்ணீர் உயர்ந்த அளவு நீங்களும் உயர்ந்திருப்பதால் கிளைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பீர்கள். ஆனால் நடைபாதைகள் மூழ்கிவிடும். யானைகள் மேட்டு நிலத்துக்குப் போய்விடும். பெரிய மரத்துண்டுகள் மிதந்து வருவதால் இரவுப் படகை நிறுத்திவிடுவார்கள். போர்னியோ யானையைப் பார்ப்பதுதான் உங்கள் முக்கிய ஆசை என்றால் டிசம்பர், ஜனவரியை மறந்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் அது அதிர்ஷ்டம்தான். கூட்டம் ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று படகோட்டிகள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் விடுதிக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. விலைப்பட்டியலில் போட்டிருப்பது இருவர் ஒரு அறையில் தங்கும்போது ஒரு ஆளுக்கு ஆகும் தொகை. ஒருவராகப் போனால் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்று தனியாக ஏற்றுவார்கள். எனக்கு 400 ரிங்கிட். அதைவிடச் சின்ன எழுத்தில் ‘குறைந்தது 2 பேர்’ என்று இருக்கும். அந்தத் தேதியில் வேறு யாரும் பதிவு செய்யவில்லையென்றால் வண்டிக்கும் படகுக்கும் இரண்டு பேர் கட்டணத்தை உங்களிடமே கேட்கலாம். மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: அதே பாலினத்தவர் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்தால் அந்தக் கூடுதல் தொகை போகுமா, நான் ஒருவன் மட்டும் என்றாலும் படகு கிளம்புமா, படகில் அதிகபட்சம் எத்தனை பேர். எட்டுப் பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். இடது கரையில் குரங்கு, நீங்கள் வலது ஓரம், நடுவில் நாலு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி, கிராமத்து வீடுகளில் தங்குவது. ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான ஓராங் சுங்கை மக்கள் பத்து பூத்தே கிராமத்தில் கூட்டுறவு அமைத்து மீசோ வாலாய் என்ற பெயரில் இதை நடத்துகிறார்கள். அந்தக் கிராமம், நாம் விமானத்தில் போய் இறங்கும் சண்டக்கான் நகரத்திலிருந்து லஹாட் டாத்து போகும் நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கும் இடத்திலேயே இருப்பதால் பேருந்தில் போய் இறங்கலாம், விடுதி வண்டியை நம்பியிருக்க வேண்டாம். தனியாள் பயணத்துக்கு இந்த ஒரு வசதியே பெரிது. ஏன் பெரிது என்பது அடுத்த பத்தியில் புரியும்.

ஆற்றோரக் கிராமங்களான சுக்காவ், பிலிட் பக்கத்து விடுதிகளுக்குச் சண்டக்கானிலிருந்து சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம். பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு வண்டிதான். காலையில் விமான நிலையத்திலும் நகர விடுதிகளிலும் ஆளை ஏற்றிக்கொண்டு, செப்பிலோக் ஓராங் உத்தான் மறுவாழ்வு மையத்தின் பத்து மணி உணவு நேரத்தைக் காட்டிவிட்டு, அப்படியே ஆற்றுக்குப் போவார்கள். சில விடுதிகள் சண்டக்கான் படகுத்துறையிலிருந்து கடல் வழியாகக் கழிமுகத்தில் நுழைந்து கூட்டிப்போகும். கிழக்கு சபா கடற்பகுதியில் பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகளாக மாலை ஆறு முதல் காலை ஆறுவரை ஊரடங்கு நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது; அந்தப் படகும் மதியத்துக்கு மேல் ஆளுக்காகக் காத்திருக்காது. எனக்குச் சென்னை விமானம் தாமதமானதால் கோலாலம்பூரில் சண்டக்கான் விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட், யாருக்கும் பொறுப்பில்லை. புது டிக்கெட் 390 ரிங்கிட், விடுதி வண்டி போய்விட்டதால் தனிக் கார் 280. போய்ச் சேர்ந்தபோது மாலைப் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. இறங்கி வந்தவர்கள் கைடைச் சுற்றி நின்று யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, ஆற்றுக்குப் போகும் நாளுக்கு முந்தைய நாளே சண்டக்கானில் இறங்கிவிடுங்கள். ஒரு இரவு அறைக்கு ஆகும் நூறு, நூற்றைம்பது ரிங்கிட் வீண் செலவு கிடையாது, அதுதான் உங்கள் காப்பீடு. செப்பிலோக் பக்கமே தங்கினால் இன்னும் நல்லது. ஓராங் உத்தான் மையமும் போர்னியோ சூரியக்கரடி காப்பகமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மழைக்காட்டுக் கண்டுபிடிப்பு மையத்தின் உயரப் பாலத்தில் காலையில் பறவை பார்க்கலாம். விடுதி வண்டியும் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும். கோலாலம்பூரில் ஏர் ஏசியா இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையம். மாறவேண்டுமென்றால் ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி செக்கின் எல்லாம் சேர்த்து நாலு மணி நேர இடைவெளி வையுங்கள். மலேசியா போவதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். சபாவுக்குத் தனிக் குடிநுழைவு உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சண்டக்கானில் மறுபடி பாஸ்போர்ட்டைக் காட்டத்தான் வேண்டும், அதைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ரொக்கத்தையும் சண்டக்கானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றோரத்தில் ஏடிஎம்மைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து நான் அதிகம் நொந்துபோன விஷயம், லென்ஸில் படியும் பனி. விடுதி அறையில் ஏசியை 22இல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். விடியற்காலை வெளியே வெப்பம் 25 டிகிரி இருக்கலாம், ஈரப்பதம் நூறை ஒட்டி இருக்கும். குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் அதன்மேல் நீர் படிகிறது, கேமராவின் உள்ளேயும் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை, அதாவது அரை மணியிலிருந்து முக்கால் மணிவரை, கேமராவும் பைனாகுலரும் வெறும் சுமை. ஆறு மணிப் படகில் முதல் முக்கால் மணிதான் தங்கம். கைடு ‘அதோ’ என்று காட்டுகிறார், பக்கத்தில் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், எனக்குக் கண்ணாடியில் வெள்ளைப் புகை. அழுகை வராத குறை.

தீர்வு எளிது. கேமராவையும் பைனாகுலரையும் ஏசி அறைக்குள் வைக்காதீர்கள். குளியலறையில் ஏசிக் காற்று வராது என்றால் அங்கே வைக்கலாம்; பூட்டக்கூடிய பால்கனி என்றால் ஈரம் புகாத உருட்டு வாய்ப் பைக்குள், நூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். உள்ளேதான் வைத்தாக வேண்டுமென்றால் ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். காலை ஐந்தேகாலுக்குப் பையோடு வெளியே எடுத்துவைத்து, படகில் ஏறிய பிறகு திறங்கள். நீர் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. இன்னும் சுலபம், ஏசியே இல்லாத மின்விசிறி அறை; விலையும் குறைவு. ஈரமான கேமராவில் படகில் வைத்து லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள்.

பைனாகுலரில் 8x42 எடுங்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். பாக்கெட்டில் அடங்குகிற 10x25 என்றால் அது 2.5தான். மாலை ஐந்தரைக்கு மர நிழலில் அதில் கறுப்புத்தான் தெரியும். பத்து மடங்கு பெருக்கம் ஆடுகிற படகில் கை நடுக்கத்தையும் பெருக்கும். கேமராவுக்கு 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200லிருந்து 6400. துகள் வந்தாலும் பரவாயில்லை, வேகத்தை 1/500க்குக் கீழே விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது எதுவும் கூர்மையாக வராது. நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம், படகோட்டிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சில விடுதிகளில் சத்தமில்லாத மின்மோட்டார் உண்டு. அதையும் முன்பே கேளுங்கள், ஏனென்றால் மெனங்குல் போன்ற சின்னக் கிளையாற்றில் மாலை ஐந்து மணிக்கு எல்லா விடுதிப் படகுகளும் ஒரே குரங்குக் கூட்டத்தின் கீழே வந்து நிற்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும் அந்த இடம். சத்தத்துக்குக் குரங்குகள் உள்ளே நகர்ந்துவிடும். நமது படகோட்டியிடம் ‘வேறு பக்கம் போகலாமா’ என்று முதலிலேயே கேட்டுவிட்டால், பெரும்பாலும் பேராற்றின் ஓரமாகவே கொண்டுபோய் ஆளில்லாத மரங்களைக் காட்டுவார்.

இங்கே எட்டு வகை இருவாச்சிகள் உண்டு. நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதைப் போல இரண்டு பங்கு. அவற்றில் தலைக்கவச இருவாச்சியைப் பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். ஊ, ஊ என்று இடைவெளி விட்டுத் தொடங்கி, வேகம் பிடித்து, கடைசியில் பைத்தியச் சிரிப்பாக முடியும். 2015இலிருந்து அது அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் இருக்கிறது. வெள்ளத்தில் வேறெதுவும் முடியாமல் போன காலையில் அந்தக் குரல் மட்டும் கிடைத்தது. அதற்கு மட்டும் நான் கணக்குப் பார்க்கவில்லை.

அட்டைக்கு வருவோம். படகில் அட்டை இல்லை; ஏரி நடையிலும் இரவு நடையிலும்தான். வால்பாறையில் பழகியவர்களுக்குத் தரையிலிருந்து ஏறும் பழுப்பு அட்டை தெரிந்திருக்கும். போர்னியோவில் கூடுதலாகப் புலி அட்டை உண்டு. அது இடுப்பு உயர இலைகளில் காத்திருக்கும், கடிக்கும்போதே சுருக்கென்று தெரியும். ஆகவே முழங்கால்வரை வரும் லீச் சாக்ஸ் பாதி வேலைதான் செய்யும். சட்டையைப் பேன்டுக்குள் செருகி, கழுத்தில் துண்டு சுற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்பு, தீ, தைலம் எதுவும் வேண்டாம். அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும், சீழ் பிடிக்கும். மெல்லிய முனைதான் வாய். தோலை இழுத்துப் பிடித்து அதன் ஓரத்தில் நகத்தைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு தடித்த முனையை எடுத்துச் சுண்டிவிடுங்கள். அதன் எச்சில் ரத்தம் உறைவதைத் தடுப்பதால் கடிவாய் சில மணி நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சோப்பால் கழுவி, அயோடின் தடவி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அப்புறம் சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்குக் கணுக்காலில் இரண்டு கடிவாய் ஈரக் காலணிக்குள் ஊறிப் புண்ணாகி, ஊருக்கு வந்தும் நொண்ட வைத்தன.

காலணி விஷயத்தில் மலையேற்ற பூட்ஸை நம்பாதீர்கள். ஒருமுறை நனைந்தால் அந்த ஈரப்பதத்தில் திரும்பும்வரை காயாது. உள்ளூர் கைடுகள் போடுவது ‘அடிடாஸ் கம்போங்’ என்று கிண்டலாகச் சொல்லப்படும் கறுப்பு ரப்பர் காலணி. அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சண்டக்கான் கடைகளில் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், சேற்றில் வழுக்காது, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். நம் கால் அளவு பெரிதென்றால் சீக்கிரம் தேடுங்கள், 10க்கு மேல் கிடைப்பது அரிது. மழைக்கு ரெயின்கோட் உள்ளே வேர்த்து ஊறும். முதுகுப்பையையும் சேர்த்து மூடும் பொன்ச்சோ நல்லது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். மின்செருகி சதுர மூன்றுமுள் வகை, நமது சார்ஜர்கள் சேராது.

சைவம் சாப்பிடுபவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கீரையிலும் காயிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது, நெத்திலி, சிப்பிச் சாறு ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கும். ‘தன்ப்பா பெலாச்சான், தன்ப்பா இக்கான் பீலிஸ்’, இந்த இரண்டும் இல்லாமல் என்று சமையல்காரரிடமே சொல்லிவிடுங்கள். ஒரு பாட்டில் ஊறுகாய் கூடவே இருக்கட்டும்.

திரும்பும் நாளில் சுக்காவ் சாலையில் தண்ணீர். வண்டி மதியம்வரை நகரவில்லை, சண்டக்கான் விமானம் போனது, மறுநாள் டிக்கெட் 430 ரிங்கிட். விடுதியின் விதிமுறையில் இயற்கைக் காரணங்களால் ரத்தாகும் எதற்கும் பணம் திரும்பாது என்று இருந்தது. சண்டை போட்டுப் பலனில்லை. பயணக் காப்பீட்டில் கேட்கலாம், ஆனால் தாமதத்துக்கும் விமானம் தவறியதற்கும் காகிதம் வேண்டும். கிளம்பும் முன்பே விடுதி மேலாளரிடம் ‘இந்தத் தேதியில் இந்தச் சாலை இந்த நேரம்வரை மூடியிருந்தது’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால் யாரும் பதில் போடுவதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். சாலை நீரையும் நேரத்தையும் சேர்த்து செல்போனில் படம் எடுத்துவையுங்கள். பாலிசி எடுக்கும்போதே ‘மிஸ்டு கனெக்ஷன்’ தனித்தனி டிக்கெட்டுக்கும் செல்லுமா என்று பாருங்கள், பலவற்றில் செல்லாது. திரும்பும் விமானத்தை மாலையில் வைத்துக்கொள்வது இது எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி. காலை முழுக்க நேரமிருந்தால் வழியிலேயே கொமந்தோங் குகையையும் பார்த்துவிடலாம். சூப்புக்காக உழவாரன் குருவியின் கூடு எடுப்பதற்குப் பேர்போன இடம். நாற்றமும் கரப்பான்பூச்சியும் தாங்குபவர்கள் மட்டும் போங்கள்.

கடைசியாகக் காய்ச்சல். ஊர் திரும்பி ஒன்றரை வாரத்தில் எனக்கு வந்தது. வைரஸ் காய்ச்சல் என்று தெரிவதற்குள் தூக்கமே இல்லை. கால் புண்ணோடு வெள்ளநீரில் நடந்ததுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எலிக்காய்ச்சல் பயம் வெறும் பயமில்லை. 2000இல் சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு விசாரித்த 189 வீரர்களில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டவர்களுக்கு அது பாதுகாப்புக் கொடுத்ததாகவும் தெரிந்தது. வெள்ளக்காலத்தில் போவதானால் அந்த மாத்திரையைப் பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். உவர்நீர் முதலை உள்ள ஆறு என்பதால் கையையும் படகுக்கு உள்ளேயே வையுங்கள்.

மலேரியாவும் கணக்கில் இருக்கட்டும். மலேசியாவில் மனிதனிலிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்ளூரில் இல்லை, ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலசி வகை சபாவில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் கிருமி என்பதால் சீக்கிரம் முற்றும். நம் ஊரில் செய்யும் துரிதப் பரிசோதனை அட்டையில் அது தப்பிவிடக்கூடும். 20லிருந்து 30 சதவீதம் டீட் உள்ள கொசு விரட்டியை மாலையில் தடவுங்கள். தடவிய கையால் பைனாகுலரைத் தொடாதீர்கள், ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளகிப் பிசுபிசுக்கும். ஆற்றுப் பக்கம் உடம்புக்கு முடியவில்லையென்றால் கோத்தா கினபத்தாங்கானில் அரசு மருத்துவமனை உண்டு, பெரியது சண்டக்கானில். திரும்பி வந்து நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். மருத்துவர் கேட்பதற்கு முன்பே ‘சபாவில் காட்டில் தங்கினேன், வெள்ளநீரில் நடந்தேன், அட்டை கடித்தது’ என்று சொல்லிவிட்டு, டெங்கு, எலிக்காய்ச்சல் பரிசோதனைகளோடு ரத்தப் பூச்சையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.